எந்திரம் ஓய்ந்த பின்னும்

கடலிற் செல்லும் கலத்தை உந்துவன இரண்டு. ஒன்று காற்று, மற்றொன்று எந்திரம். காற்றை நம்பிப் பாய் விரித்து மக்கள் கடல் கடந்த காலம் மிக நெடியது. எந்திரத்தின் காலமோ, அதனோடு ஒப்பு நோக்கினால், நேற்றுப் பிறந்த குழந்தையே ஆகும். ஆயினும், அக்குழந்தையின் வலிமையைக் கண்ட மனிதன் பாயை மறந்தான். காற்றின் இயல்புகளை மறந்தான். விண்மீன் நோக்கி வழி அறியும் கலையையும் பெரும்பாலும் மறந்தான். எந்திரம் ஓடும் வரை தனக்குக் குறையில்லை என்று மனம் அமைந்தான்.

அவ்வெந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கரை அருகில் இருந்தால் குரல் கொடுத்து உதவி பெறலாம். கரை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால், குளிர்காலப் புயல் வீசினால், கலத்தில் இருப்பவன் ஒருவனே ஆனால், அவன் நிலை என்ன ஆகும்? இவ்வினாவுக்கு வாழ்ந்து விடை கூறியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். எங்கும் தங்காமல், எவர் உதவியும் பெறாமல், தனி ஒருவராய்ப் பாய்க்கலத்தில் உலகை வலம் வந்த முதல் மனிதர் அவரே. அவர் ஏறிச் சென்ற கலம் நம் நாட்டில் பிறந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கலம் பிறந்த கதை

ராபின் 1939 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே வணிகக் கப்பற் பணியில் சேர்ந்தார். இந்தியத் துறைமுகங்களுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் சென்று வந்த கப்பல்களில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அப்பொழுது, தமக்கென ஒரு சிறு பாய்க்கலம் கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் அவருக்கு உண்டாயிற்று. அக்காலத்தில் பம்பாய் என வழங்கிய மும்பையில் அதனைக் கட்டுவிக்கத் துணிந்தார்.

மும்பை மரக்கலத் தொழிலுக்குப் பழம் பெருமை பெற்ற ஊர். 1817 ஆம் ஆண்டு அங்கே வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டிய 'டிரிங்கமாலி' என்னும் போர்க்கப்பல், இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் துறையில் மிதந்துகொண்டிருக்கின்றது. இத்தகைய மரபில் வந்த தச்சர்களே ராபினின் கலத்தையும் கட்டினார்கள்.

கலம் கட்டுவதற்கு வரைபடம் வேண்டுமல்லவா? ராபின் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்ட வரைபடம் ஒன்று. வந்து சேர்ந்தது வேறொன்று. வந்ததோ பழைய அமைப்பு. நார்வே நாட்டு உயிர்மீட்புப் படகுகளின் வழியில் வந்தது. விரைவுக்கு அன்று, உறுதிக்கே பெயர் பெற்றது. திருப்பி அனுப்பி வேறு பெறுவதற்குக் காலம் போதாமையால் அதனையே கொண்டு வேலை தொடங்கினர். தச்சர்கள் வாய்ச்சியால் தேக்கு மரத்தைச் செதுக்கினர். வில்லிற் கயிறு கட்டி இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தால் துளையிட்டனர். ஏறக்குறைய 32 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடைய அக்கலத்துக்குச் 'சுஹைலி' என்று பெயர் சூட்டினார் ராபின். பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கீழ்க் காற்றுக்கு அரபு மாலுமிகள் வழங்கும் பெயர் அது.

1965 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ராபின், தம் தம்பியையும் நண்பர் ஒருவரையும் துணைக்கொண்டு மும்பையிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்கோடியை அடைந்தபொழுது கையிற் பொருள் இல்லை. மூவரும் அங்கே வேலை செய்து பொருள் ஈட்டினர். பின்னர்க் கேப்டவுனிலிருந்து இலண்டன் வரை இடையில் எங்கும் தங்காமல் 74 நாளிற் சென்று சேர்ந்தனர். தம் கலத்தின் குணமும் குற்றமும் ராபினுக்கு அப்பயணத்தில் நன்கு விளங்கின. கலத்தை ஓட்டுபவனை 'மீகாமன்' என்பது தமிழ் வழக்கு. தன் கலத்தைத் தன் உடலைப் போல் அறிந்தவனே நல்ல மீகாமன். அவ்வகையில் ராபின் நல்ல மீகாமர் ஆனார்.

உலகை வலம் வரும் போட்டி

தனி ஒருவராய்ப் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர்கள் ராபினுக்கு முன்னும் உண்டு. ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 1895 இற் புறப்பட்டு, பல துறைகளில் தங்கி, 1898 இல் திரும்பினார். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966 இற் புறப்பட்டு, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் மட்டும் தங்கி, 1967 இல் இங்கிலாந்து மீண்டார். எங்கும் தங்காமற் செல்ல இயலுமா என்பதே எஞ்சி நின்ற வினா. 1968 ஆம் ஆண்டு இலண்டன் செய்தித்தாள் ஒன்று அதனை ஒரு போட்டியாகவே அறிவித்தது. முதலில் திரும்புவோர்க்குப் பொன் உருண்டைப் பரிசு; மிகக் குறைந்த நாளில் திரும்புவோர்க்கு 5,000 பவுன் பணம். போட்டியில் ஒன்பது பேர் புறப்பட்டனர்.

ராபின் 1968 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் ஃபால்மத் துறையிலிருந்து பாய் விரித்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. மற்றவர் கலங்களுள் பல, சுஹைலியினும் நீண்டவை. விரைந்து செல்ல வல்லவை. சுஹைலி மணிக்குச் சராசரி நான்கு கடல்மைலே செல்லும். அது மனிதன் சற்று விரைந்து நடக்கும் வேகத்தினும் சிறிதே மிகுதி. அந்த வேகத்தில் அவர் 30,000 கடல்மைல் செல்ல வேண்டும்!

கலத்தில் ஓர் எந்திரம் இருந்தது. காற்று இல்லாத இடத்தும் துறைமுகத்தின் குறுகிய வாயிலிலும் அது பயன்படும். மின்கலங்களுக்கு மின்னேற்றம் தரச் சிறிய எந்திரம் ஒன்று தனியே இருந்தது. அம்மின்கலங்களே விளக்குக்கும் வானொலிக் கருவிக்கும் உயிர். காற்றின் திசைக்கேற்பக் கலத்தைத் தானே செலுத்தும் தகடுகள் பொருந்திய சுக்கான் அமைப்பும் உண்டு. ஒருவரே செல்லும் கலத்தில் அவர் உறங்கும்பொழுது சுக்கானைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் அது. இக்கருவிகள் ஒவ்வொன்றும் எவ்வாறு கைவிட்டன என்பதே இனி நாம் காணும் கதை.

அடிப்பலகையிற் கசிவு

முதலில் தொல்லை தந்தது கலத்தின் உடலே ஆகும். அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப மண்டலத்திற் செல்கையில் சுஹைலிக்குள் நீர் மிகுதியாகப் புகலாயிற்று. நாள்தோறும் இறைத்தும் குறையவில்லை. காற்று ஓய்ந்த ஒரு நாள் ராபின் கடலுள் மூழ்கிப் பார்த்தார். கலத்தின் அடிமரமும் பக்கப் பலகையும் கூடும் இடத்தில் இருபுறமும் ஏறக்குறைய எட்டடி நீளத்துக்கு இடுக்கு விட்டிருந்தது.

பலகை இடுக்குகளிற் பஞ்சும் தாரும் இட்டு அடைக்கும் வேலையைக் 'கலப்பற்று' என்பர். கலம் கரையேறி நிற்கையிற் செய்தற்குரிய அவ்வேலையை, நீருள் மூச்சடக்கியபடி ராபின் செய்ய முயன்றார். பஞ்சு நிலைக்கவில்லை. பின்னர், கித்தான் துணியை நீண்ட நாடாவாகத் தைத்து, அதற்குத் தார் பூசி, செப்பாணிகளைக் குத்தி ஆயத்தம் செய்துகொண்டார். நீருள் மூழ்கி, அந்நாடாவை இடுக்கின்மேல் வைத்து ஆணி அறைந்தார். அதன்மேற் செப்புத் தகட்டையும் பொருத்தினார். ஒரு மூச்சில் அடிக்கக்கூடிய ஆணிகள் சிலவே. மேலே வந்து மூச்சு வாங்குவதும் மீண்டும் மூழ்குவதுமாக வேலை நடந்தது.

வேலைக்கு நடுவே சுறா ஒன்று கலத்தைச் சுற்றி வட்டமிட்டது. ராபின் மேலேறித் துப்பாக்கி எடுத்து அதனைச் சுட்டார். குருதி மணத்துக்கு வேறு சுறாக்கள் வரக்கூடும் என்று சற்றுக் காத்திருந்தார். எதுவும் வாராமை கண்டு, மீண்டும் நீருள் இறங்கி வேலையை முடித்தார். கசிவு அடங்கியது.

தாள்களே அளவுகோல்

அடுத்துத் தொல்லை தந்தது மின்னேற்றும் எந்திரம். எத்தனை முறை இழுத்துவிட்டும் அது இயங்கவில்லை. ராபின் அதன் உறுப்புகளைக் கழற்றி ஆராய்ந்தார். பெட்ரோலில் தீப்பற்றுவதற்கு மின்தீப்பொறி வேண்டும். அப்பொறியைத் தருவது மாக்னெட்டோ என்னும் உறுப்பு. அதில் அமைந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மிகச் சரியாக இருத்தல் வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறிட்டால் அவற்றுள் 12 முதல் 15 கூறு வரை அந்த இடைவெளி இருக்கலாம். கூடினாலும் குறைந்தாலும் எந்திரம் இயங்காது. இதனை அளப்பதற்கு மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆன கருவி உண்டு. ராபினிடம் அக்கருவி இல்லை!

கடைத்தெருவில் சில காசுக்குக் கிடைக்கும் பொருள் அது. கடைத்தெருவோ பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. ராபின் சோர்ந்து அமரவில்லை. தம்மிடம் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நாட்குறிப்பு எழுதும் ஏடு கண்ணிற்பட்டது. அதன் தாள்களை அடுக்கி அளந்தார். ஓர் அங்குலக் கனத்துக்கு 200 தாள்கள் இருந்தன. அவ்வாறாயின் ஒரு தாளின் கனம் எவ்வளவு? ஓர் அங்குலத்தில் இருநூற்றில் ஒரு கூறு. அதாவது ஆயிரத்தில் ஐந்து கூறு. மூன்று தாளைச் சேர்த்து வைத்தால் ஆயிரத்திற் பதினைந்து கூறு. வேண்டிய அளவு கிடைத்துவிட்டது! மூன்று தாள்களை இடையிலிட்டு முனைகளைச் சரிசெய்தார். எந்திரம் ஓடத் தொடங்கியது.

மாணவர்களே, இங்கே ராபினுக்கு உதவிய அறிவு எத்தகையது? உயர்ந்த பொறியியற் கல்வி அன்று. ஐந்தாம் வகுப்பிற் கற்ற வகுத்தற் கணக்கே ஆகும். ஆனால், அது ஏட்டளவில் நில்லாமல் கைக்கும் கண்ணுக்கும் இறங்கி வந்திருந்தது. வேண்டிய பொழுது வந்து நின்றது. கற்ற கல்வி அவ்வாறு வந்து நிற்பதே அதன் பயன்.

தென்கடற் குளிரில்

நமக்கு வேனிற்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்கள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே குளிர்காலம். தெற்கு அட்சரேகை 40 பாகைக்கு அப்பால், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வன்காற்று ஓயாது வீசும். அதனைத் தடுத்து நிறுத்த நிலப்பரப்பு அங்கு மிகுதியாக இல்லை. ஆதலின், அலைகள் மலைபோல் வளர்ந்து எழும். அக்காற்றின் பேரொலி கருதி மாலுமிகள் அப்பகுதியை 'முழங்கும் நாற்பதுகள்' என வழங்குவர். தென்னாட்டுக் குளிர்காலம் முடியும் தறுவாயில், செப்டம்பர்த் தொடக்கத்தில், சுஹைலி அப்பகுதியுட் புகுந்தது.

புகுந்த சில நாளிலேயே, செப்டம்பர் 5 ஆம் நாள், பேரலை ஒன்று மோதிக் கலத்தை ஒருபுறம் முழுவதும் சாய்த்தது. அறையில் இருந்த பொருள்கள் எல்லாம் உறங்கிக்கொண்டிருந்த ராபின்மேல் விழுந்தன. கலம் தானே நிமிர்ந்துகொண்டது. உறுதிக்குப் பெயர் பெற்ற பழைய அமைப்பு தன் இயல்பைக் காட்டியது. ஆயினும், மேல்தளத்தோடு அறை பொருந்தும் இடத்திற் பிளவு கண்டது. தானே இயங்கும் சுக்கான் அமைப்பும் பழுதுற்றது. தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்த குடிநீரும் கெட்டுவிட்டது. அது முதல், மழை பெய்யும்பொழுது பாயில் வழியும் நீரைப் பிடித்துக் குடிக்கும் நிலை ஏற்பட்டது. உண்பதற்கோ தகரக் குவளைகளில் அடைத்த உணவே துணை.

பின்னும் ஒரு துன்பம் நேர்ந்தது. மின்கலங்களைச் சோதித்துக்கொண்டிருந்தபொழுது கலம் குலுங்க, உள்ளிருந்த அமிலம் ராபினின் கண்ணில் தெறித்துவிட்டது. உடனே கண்ணை நீரால் நன்கு கழுவினார். எனினும் எரிச்சல் தணியவில்லை. ஆப்பிரிக்காவில் டர்பன் துறைக்குத் திரும்பினால் மருத்துவம் பெறலாம். திரும்பினாலோ பயணம் முடிந்தது. கண்ணா, பயணமா என்னும் வினா எழுந்தது. ராபின் நெடிது ஆராய்ந்து, மேற்செல்வதென்றே துணிந்தார். ஏறக்குறைய ஒரு வாரத்திற் கண் நலமடைந்தது. அத்துணிவைப் பிறர் பின்பற்ற வேண்டும் என்று கூறுவதற்கில்லை. கண்ணினும் சிறந்த உறுப்பு வேறில்லை. ஆயினும், தாம் எடுத்த வினையில் அவர் வைத்த உறுதி எத்தகையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

ஒவ்வொன்றாய் ஓய்ந்தன

ஆஸ்திரேலியாவை நெருங்குவதற்குள் கருவிகள் பல ஓய்ந்துவிட்டன. வானொலிக் கருவியில் செய்தி கேட்கும் பகுதி மட்டும் பணி செய்தது. செய்தி அனுப்பும் பகுதி நின்றுவிட்டது. உலகம் பேசுவது அவர் செவியில் விழும். அவர் பேசுவது உலகுக்குக் கேளாது. பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிவந்த சுக்கான் அமைப்பும் இறுதியாக முறிந்தது. கலத்தை உந்தும் பெரிய எந்திரமும் இப்பயணத்தில் நிலைக்கவில்லை. நெடுநாள் இயக்காமற் கிடந்து, கடலின் ஈரத்தால் துருவேறி, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று இறுகி அசையாது நின்றது. சுத்தியலும் திருகியும் கொண்டு சரிசெய்யும் நிலையை அது கடந்துவிட்டது.

வேறொருவர் ஆயின், மெல்போர்ன் நகரில் கரையேறியிருப்பர். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். ராபினுக்கும் அவ்வெண்ணம் எழாமல் இல்லை. உலகின் பாதியே கடந்திருந்தது. எஞ்சிய பாதியிலே பசிபிக் பெருங்கடலும் ஹார்ன் முனையும் காத்திருந்தன. அவர் கணக்குப் பார்த்தார். போனவை எவை? எந்திரம், சுக்கான் அமைப்பு, செய்தி அனுப்பும் கருவி. எஞ்சியவை எவை? தேக்கு உடல், இரண்டு பாய்மரங்கள், பாய்கள், கயிறுகள், திசைகாட்டி, கதிரவனை அளக்கும் கோணமானி, காலமானி, தம் இரு கைகள். கொலம்பசுக்கும் மகெல்லனுக்கும் இவ்வளவுகூட இருந்ததில்லை. இக்கணக்கு அவருக்கு மனவலிமை தந்தது.

சுக்கான் பார்க்கும் வேலைக்காரன் இல்லாத குறையை அவர் பாய்களைக் கொண்டே தீர்த்தார். முன்பாயைச் சற்று இறுக்கியும், பின்பாயைச் சற்றுத் தளர்த்தியும், பெரிய பாயைச் சுருக்கியும் பலவாறு முயன்று பார்த்தார். இவ்வாறு ஒரு பாயின் இழுப்பை மற்றொரு பாயின் இழுப்பால் சரிக்கட்டினால், கலம் தானே நேர்வழிச் செல்லும் எனக் கண்டார். எந்திரம் செய்த வேலையைக் காற்றே செய்யும்படி அமைத்துக்கொண்டு, அவர் உறங்கினார்.

நவம்பர் 8 ஆம் நாள் மெல்போர்ன் துறைமுக வாயிலில் வழிகாட்டும் படகு ஒன்றிடம் கடிதங்களைக் கொடுத்துவிட்டு மேற்சென்றார். நியூசிலாந்தை அடைந்தபொழுது, ஒட்டாகோ துறையருகே கலம் மணற்றிட்டில் தட்டி நின்றது. எந்திரம் இருந்திருப்பின் பின்னோக்கி இயக்கி மீட்டிருக்கலாம். அங்கிருந்தோர் உதவி புரிய முன்வந்தனர். ஆனால், பிறர் உதவி பெறலாகாது என்பது போட்டியின் விதி. ராபின் நங்கூரம் இட்டுப் பொறுமையோடு காத்திருந்தார். கடல் நீரின் ஏற்றம் வந்தது. கலத்தைத் தூக்கி மிதக்கவிட்டது. எந்திரம் செய்யாததைக் காலம் அறிந்து காத்திருத்தல் செய்தது. நாள் நவம்பர் 21.

மறைந்த கலம்

அந்நாளுக்குப் பின் சுஹைலியை எவரும் காணவில்லை. செய்தி அனுப்ப வழியும் இல்லை. ஒரு மாதம் சென்றது. இரண்டு மாதம் சென்றது. நான்கு மாதமும் சென்றன. கலம் கடலில் மூழ்கியிருக்கும் என்று பலர் அஞ்சினர்.

ராபினோ பசிபிக் பெருங்கடலிற் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். மேலை நாட்டார் குடும்பத்தோடு கூடி மகிழும் கிறிஸ்துமஸ் விடுமுறை நாளிலே, ஆயிரக்கணக்கான மைல் சுற்றளவில் மனித வாடையே இல்லாத கடலில், பண்டிகைப் பாடல்களைத் தாமே பாடி, தாமே கேட்டார். அதே நாள்களில் அமெரிக்கர் மூவர் 'அப்பலோ 8' என்னும் விண்கலத்தில் அமர்ந்து திங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தனர். மனிதன் அதுவரை படைத்த எந்திரங்களுள் தலைசிறந்தவற்றின் துணையோடு மூவர் விண்ணில். ஓய்ந்துபோன எந்திரத்தைச் சுமந்தபடி ஒருவர் கடலில். மூவர்க்கும் ஒருவர்க்கும் பொதுவாய் இருந்தது மனத்திட்பம்.

1969 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் நாள் சுஹைலி ஹார்ன் முனையைக் கடந்தது. பின்னர், வடக்கு நோக்கித் திரும்பி அட்லாண்டிக் கடலில் ஏறியது. ஏப்ரல் 6 ஆம் நாள் அசோர்ஸ் தீவுகளின் அருகே எண்ணெய்க் கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது. ராபின் கைவிளக்கை மறைத்தும் திறந்தும் சமிக்கை செய்து தம் கலத்தின் பெயரைத் தெரிவித்தார். நான்கரை மாதத்துக்குப் பின், ராபின் உயிரோடு இருக்கிறார் என்னும் செய்தி இங்கிலாந்தை எட்டியது.

ஏப்ரல் 22 ஆம் நாள், புறப்பட்ட ஃபால்மத் துறையிலேயே சுஹைலி வந்து சேர்ந்தது. 312 நாள் கடந்திருந்தன. முறைப்படி கலத்தில் ஏறிய சுங்க அதிகாரிகள், 'எந்தத் துறையிலிருந்து வருகிறீர்?' என்று வினவினர். 'ஃபால்மத்திலிருந்து' என்றார் ராபின்!

பரிசும் பண்பும்

போட்டியிற் புறப்பட்ட ஒன்பது பேருள் முடித்தவர் ராபின் ஒருவரே. சிலர் கலம் பழுதுற்றுத் திரும்பினர். ஒருவர் கலம், தாயகம் ஏறக்குறைய 1,200 மைல் தொலைவில் இருக்கையில் மூழ்கியது, அவர் மீட்கப்பட்டார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் பரிசை வேண்டாது வேறு திசையில் கலத்தைச் செலுத்திச் சென்றார். டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரின் கலம் 1969 ஜூலையில் நடுக்கடலில் ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. அவர் உலகைச் சுற்றாமலே சுற்றியதாகப் பொய்ச் செய்தி அனுப்பி வந்தார் என்பது பின்னர்ப் புலப்பட்டது. அவர்தம் மனைவியும் இளங்குழந்தைகளும் ஆதரவற்று நின்றனர்.

முதலில் திரும்பியவரும் விரைந்து முடித்தவரும் தாம் ஒருவரே ஆதலால், 5,000 பவுன் பரிசும் ராபினுக்கே உரியதாயிற்று. அக்காலத்தில் அது பெருந்தொகை. ராபின் செல்வர் அல்லர். எனினும், அத்தொகை முழுவதையும் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கு அளித்துவிட்டார். இறந்தவர் செய்த பிழையை அவர் எண்ணவில்லை. இருப்பவர் படும் துயரையே எண்ணினார். உலகை வலம் வந்த வீரத்தினும் இந்த ஈரம் பெரிது என்று கூறினும் மிகையாகாது.

1995 ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தது. 2018 இல் அப்போட்டியின் பொன்விழாவாக, அக்காலக் கருவிகளை மட்டுமே கொண்டு உலகை வலம் வரும் போட்டி ஒன்று மீண்டும் நடந்தது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போலவே கோவாவிற் கட்டிய 'துரியா' என்னும் கலத்தில் அதிற் சென்றார். புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, இந்துமாக் கடலில் மீட்கப்பட்டார். உடல் தேறி, 2022 இல் தொடங்கிய அடுத்த போட்டியில் மீண்டும் புறப்பட்டு, 2023 இல் இரண்டாமவராய் வந்து சேர்ந்தார். மும்பைத் தச்சர் செதுக்கிய தேக்கில் தொடங்கிய கதை இவ்வாறு தொடர்கின்றது.

எந்திரங்கள் வேண்டா என்பது இப்பாடத்தின் கருத்தன்று. இன்றைய வாழ்வு எந்திரங்களால் நடக்கின்றது. அவற்றைப் போற்றிக் காத்தல் நம் கடமை. இயக்காத எந்திரம் துருவேறும் என்பதையும் சுஹைலி காட்டிற்று. ஆனால், எந்திரம் என்றேனும் நிற்கும். அந்நாளில், போனதை எண்ணிப் புலம்புவோர் நின்ற இடத்திலேயே நிற்பர். எஞ்சியதை எண்ணி வினை செய்வோர் கரை காண்பர். ராபின் குருட்டுத் துணிவால் வென்றவர் அல்லர். பல்லாண்டுக் கடற்பயிற்சியும், தம் கலத்தைப் பற்றிய தெளிந்த அறிவும், கப்பல் தலைவர்க்குரிய தேர்வில் பெற்ற தேர்ச்சியும் அவருடைய துணிவுக்கு அடிப்படைகள். அறிவில்லாத துணிவு பாயில்லாத மரக்கலம். துணிவில்லாத அறிவு காற்றில்லாத பாய். இரண்டும் கூடியவழிக் கலம் கரை சேரும்.

பயிற்சி

1. சுஹைலி எங்கே, எவ்வாறு கட்டப்பட்டது? அதன் பெயர்க் காரணம் யாது?
2. அளவுகருவி இல்லாத நிலையில் ராபின் மின்னேற்றும் எந்திரத்தைச் சரிசெய்தது எவ்வாறு? கணக்கிட்டு விளக்குக.
3. ஆஸ்திரேலியாவை நெருங்கியபொழுது ராபின் இழந்தவை எவை? எஞ்சியவை எவை?
4. ஒட்டாகோ துறையருகே மணற்றிட்டில் தட்டிய கலம் எவ்வாறு மீண்டது?
5. பரிசுத் தொகையை ராபின் பயன்படுத்திய வகை பற்றி உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.